அட்டைக்குப் பின்னால் நிற்பவள்

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தில் நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். அழகுக்காக ஒன்றைக் கூட்ட மாட்டேன். உன் மனம் நோகுமே என்று ஒன்றை விழுங்கவும் மாட்டேன். படித்து முடிக்கும்வரை அழாதே. அழுதாலும் காகிதத்தைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு அழு, மை கலைந்துவிடும்.

நீயும் அவரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அவரை என்ன சொல்லி அழைப்பது என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. இந்தக் கடிதம் முடிவதற்குள் ஒரு முடிவுக்கு வந்துவிடுவேன். உன் கடிதம் கல்லூரி முகவரிக்குப் பத்திரமாக வந்தது. நூலகர்தான் எடுத்துக் கொடுத்தார். "ஏம்மா, இந்தக் காலத்துல உனக்கு மட்டும் யாரும்மா கடிதாசி போடுறது?" என்று கேட்டார். என் அக்கா என்று சொன்னேன். சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, படித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வீட்டில் அந்த வார்த்தையை வாய்க்குள்ளேயே வைத்திருந்து பழகியதால் வெளியே வரும்போது அளவு தெரியவில்லை.

அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. மாடிப்படி ஏறும்போது கைப்பிடியைத் திட்டிக்கொண்டே ஏறுகிறாள். நம் படச் சட்டக் கடையில் கண்ணாடி வெட்டுவதற்குப் புதிய மேசை வந்திருக்கிறது. பழைய மேசையின் ஆடுகிற காலுக்கு நீ மடித்து வைத்த அட்டை இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. அந்த மேசையில் இப்போது நான் உட்கார்ந்து படிக்கிறேன். அப்பா முன்போலவே காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு அதையே கடை முழுக்கத் தேடுகிறார்.

இனி என் வகுப்பைப் பற்றி. முதலாண்டில் எங்களுக்கு எழுத்துப் பயிற்சி என்று ஒரு பாடம் இருக்கிறது. நான் எவ்வளவு ஆசையோடு போய் முதல் வரிசையில் உட்கார்ந்தேன் என்று உனக்கே தெரியும். பள்ளிக்கூடத்தில் கட்டுரைக்கு எனக்குத்தானே எப்போதும் பரிசு! முதல் பயிற்சி, ஒரு கதவைப் பற்றி எழுதுவது. நம் கடைக் கதவைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதினேன். வாழ்க்கையே ஒரு கதவு என்று ஆரம்பித்து, திறப்பதற்கும் மூடுவதற்கும் நடுவில் மனிதன் படும் பாட்டையெல்லாம் கொட்டியிருந்தேன். மேடம் சிவப்பு மையால் அடித்துக்கொண்டே போய் ஒரே ஒரு வாக்கியத்தை மட்டும் விட்டுவைத்திருந்தார். 'மழை நாளில் எங்கள் கடைக் கதவை இருவர் சேர்ந்து தள்ள வேண்டும்.' அதன் பக்கத்தில், இது மட்டும்தான் நீ பார்த்தது, மீதியெல்லாம் யாரோ சொல்லிக் கேட்டது என்று எழுதியிருந்தார்.

அன்று பேருந்தில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன். வகுப்பில் என் பக்கத்து இருக்கைக்காரி, எல்லாவற்றுக்கும் வாதாடுகிறவள் என்பதால் அவளை வக்கீல் என்று கூப்பிடுகிறோம், அவள் சொன்னாள்: "விடுடி. எனக்கு அந்த ஒரு வரிகூட மிஞ்சல. என் கதவு அப்படியே காணாமப் போயிடுச்சு." அழுதுகொண்டே சிரித்தேன்.

அடுத்த பயிற்சிக்குப் பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்து ஆட்கள் பேசுவதை மட்டும் எழுதினோம். யாரும் ஒரு வாக்கியத்தை முடிப்பதே இல்லை என்பதை அன்றுதான் கவனித்தேன். பிறகு, உனக்குக் கோபம் இருக்கிற ஒருவரின் வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்து எழுது என்றார்கள். யாரை எழுதியிருப்பேன் என்று நீயே ஊகித்துக்கொள். அப்பா சட்டத்துக்குள் படத்தைச் சுற்றி வைக்கிற மவுண்ட் அட்டை வெட்டுவதை எழுதினேன். அளவுகோலை வைத்து, மூச்சை அடக்கி, கத்தியைச் சாய்த்துப் பிடித்து ஒரே இழுப்பு. வெட்டிய ஓரம் உள்பக்கமாகச் சரிந்து வெள்ளையாகத் தெரியும். அந்த வெள்ளைக் கோடு எங்காவது தடித்தாலோ மெலிந்தாலோ அட்டை குப்பைக்குப் போகும். கோபத்தோடுதான் எழுத ஆரம்பித்தேன். ஆனால் எழுதி முடிக்கிறவரை கோபம் நினைவுக்கு வரவில்லை. முடித்த பிறகு பத்திரமாகத் திரும்பி வந்துவிட்டது.

நான்காவது பயிற்சிதான் இந்தக் கடிதத்துக்குக் காரணம். வீட்டில் உள்ள ஒரு புகைப்படத்தை எழுத வேண்டும். கண்ணுக்குத் தெரிவதை மட்டும். சோகம், அன்பு, ஏக்கம் என்று ஒரு சொல் வந்தாலும் தாள் திரும்பிவிடும்.

அக்கா, கூடத்தில் மாட்டியிருக்கும் நம் குடும்பப் படத்தைப் பற்றி இதுவரை உனக்கு நான் சொன்னதில்லை. நீ பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு அவரோடு ஊரைவிட்டுப் போன பிறகு, அப்பா அந்தப் படத்தைக் கழற்றிக் கடைக்கு எடுத்துப் போனார். மறுநாள் அதே சட்டத்தில், அதே ஆணியில் திரும்ப மாட்டினார். அட்டை மட்டும் புதியது. வலது ஓரத்தை மட்டும் அகலமாக விட்டு வெட்டியிருந்தார். அப்பா இருக்கிறார், அம்மா இருக்கிறாள், அம்மாவை ஒட்டி நான் நிற்கிறேன். எனக்கு அடுத்து நீ நிற்கிற இடத்தில் வெறும் அட்டை.

ஆனால் உன் கை போகவில்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டிருக்கிறாயே, அந்த நான்கு விரல்களும் அட்டையின் ஓரத்திலிருந்து எட்டிப் பார்க்கின்றன. இன்னொன்றும் இருக்கிறது. ஓரம் ஒரு நூல் கூடக் குறைய இருந்தாலும் அட்டையைப் பிள்ளையைத் திட்டுவது போலத் திட்டுகிற அப்பாவின் வீட்டிலேயே ஒரு படம் ஏறுமாறாக நிற்கிறது. கண்ணாடி கொண்டுவருகிற வியாபாரி ஒரு முறை வீட்டுக்கு வந்தபோது அதைப் பார்த்துவிட்டார். "என்னண்ணே, ஊருக்கெல்லாம் ஓரம் பிடிச்சுக் கொடுக்குறீங்க, உங்க வீட்டுப் படம் ஒரு பக்கமா ஒதுங்கி நிக்குதே!" என்றார். அப்பா அவருக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தார்.

இதையெல்லாம் எழுதினேன். அம்மாவின் கண் பாதி மூடியிருப்பது, அப்பாவின் சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருப்பது, என் காலுறை ஒன்று இறங்கியிருப்பது, எல்லாம். கடைசியில் இப்படி முடித்தேன்: 'என் தோளில் நான்கு விரல்கள் இருக்கின்றன. அவற்றுக்கு உரியவள் அட்டைக்குப் பின்னால் நிற்கிறாள். அவள் என் அக்கா.'

வகுப்பில் வாசித்தேன். மேடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, நூலகக் கூடத்தில் நடக்கப் போகும் கண்காட்சிக்கு இதை எடுத்துக்கொள்கிறேன் என்றார். நல்ல பயிற்சிகளைப் பெரிய எழுத்தில் அச்சிட்டுச் சட்டம் போட்டு மாட்டுவார்கள். பெற்றோர்களும் வருவார்கள். நான் தரையில் நிற்கவில்லை.

பிறகு தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "முடிவுதாம்மா கொஞ்சம் இடிக்குது. வர்றவங்க கனத்த மனசோட போகக் கூடாது. அப்பா ஒரு நாள் அந்த அட்டையை எடுத்துடுறார்னு ஒரு வரி சேர்த்துடேன்." எடுக்கவில்லையே மேடம் என்றேன். "எழுத்துல எடுக்கலாமே?" என்றார். பார்த்ததை மட்டும் எழுதச் சொன்னது நீங்கள்தானே என்றேன். "சரி, உன் இஷ்டம். ஆனா முதல் இடத்தை எதிர்பார்க்காதே" என்றார். வேண்டாம் மேடம் என்றேன். அது மட்டும் பொய். எனக்கு முதல் இடம் வேண்டும்.

இப்போது என் மடத்தனத்தைக் கேள். கல்லூரியின் சான்றிதழ்கள், பழைய முதல்வர்களின் படங்கள் எல்லாவற்றுக்கும் சட்டம் போடுவது யார்? நம் அப்பாதானே! கண்காட்சிக்கான தாள்களும் கட்டாக நம் கடைக்கே போய்ச் சேரும் என்பது, பிறந்ததிலிருந்து அந்தக் கடையில் வளர்ந்த எனக்கு உறைக்கவே இல்லை.

சாயங்காலம் கடைக்குள் நுழைந்தபோது அப்பா என் தாளை மேசைமேல் விரித்து வைத்திருந்தார். நான்கு மூலையிலும் எடைக்கல். அளவுகோல் கையில் இருந்தது, ஆனால் அளக்கவில்லை. படித்துக்கொண்டிருந்தார்.

"இதை எல்லாரும் படிப்பாங்களா?" என்று கேட்டார்.

ஆமாம்பா என்றேன்.

"நாலு பேரு நம்மளப் பத்தி என்ன நினைப்பாங்க?"

நாலு விரலைத் தேடிப் பார்ப்பாங்க என்றேன். எங்கிருந்து அந்தத் துணிச்சல் வந்தது என்று தெரியவில்லை. உன்னிடமிருந்துதான் வந்திருக்க வேண்டும், அம்மாவிடம் அது கிடையாது.

அப்பா கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். "படத்துல இல்லாதவங்களைப் பத்தி எதுக்கு எழுதுற?" என்றார். இருக்கிறதைத்தான் எழுதியிருக்கேன், விரல் இருக்கு என்றேன். அதற்கு அவர் என்ன சொன்னார் தெரியுமா? "அதுக்கு மேல மறைச்சிருந்தா உன் காது போயிருக்கும். அதான் விட்டேன்." சொல்லிவிட்டு எடைக்கற்களை ஒவ்வொன்றாக எடுத்தார். "கடைசி வரிகளை எடுக்கச் சொல்லிடு. இல்லேன்னா அடுத்த வருஷம் காலேஜை மறந்துடு. வீட்டுல உக்காந்து என்ன வேணா எழுதிக்கோ."

நான் மேடத்திடம் எதுவும் சொல்லவில்லை. அப்பாவும் பிறகு கேட்கவில்லை. அம்மா மட்டும் சாப்பிடும்போது மெதுவாக ஆரம்பித்தாள். "ஏண்டி, என் கண்ணு மூடியிருக்குன்னு போட்டுட்டியாமே? அப்பா சொன்னாரு. நல்லா இருந்த நேரம் பார்த்து அந்தப் போட்டோக்காரன் என்னைச் சிமிட்ட வெச்சுட்டான், அதையும் சேர்த்து எழுதியிருக்கலாமில்ல?" அப்பா தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "காலேஜ் வேலை முடிஞ்சுது. நாளைக்குக் கொண்டு போறாங்க" என்றார். அவ்வளவுதான்.

இன்று மதியம் சட்டங்கள் வந்தன. நாளை காலை கண்காட்சி. என்னுடையது ஜன்னலுக்குப் பக்கத்துச் சுவரில். ஓடிப் போய்ப் பார்த்தேன். இளஞ்சாம்பல் அட்டை, மெல்லிய கறுப்புச் சட்டம். கூடத்தில் இருந்ததிலேயே அதற்குத்தான் அப்பா எதிரொளி விழாத நல்ல கண்ணாடி போட்டிருந்தார், என் முகம்கூட அதில் மங்கலாகத்தான் தெரிந்தது. அட்டையின் கீழ் ஓரம் மற்ற ஓரங்களைவிடக் கொஞ்சம் அகலமாக இருந்தால்தான் படம் சரிவது போலத் தோன்றாது என்று அப்பா சொல்வாரே, நினைவிருக்கிறதா? எல்லாச் சட்டங்களிலும் அப்படித்தான் இருந்தது. என்னுடையதில் அந்தக் 'கொஞ்சம்' ரொம்ப அதிகம். கடைக்காரர் மகளுக்குத்தான் தெரியும் அந்த வித்தியாசம். என் எழுத்து காலுறை இறங்கியதோடு முடிந்திருந்தது. விரல்கள் இல்லை. அட்டை இல்லை. நீ இல்லை.

உன்னை இரண்டாவது முறையாக மூடியிருந்தார்.

மேடம் பின்னால் வந்து நின்று படித்தார். நான் அழப் போகிறேன் என்று நினைத்தோ என்னவோ, சிரித்துக்கொண்டே, "உங்கப்பா நல்லா எடிட் பண்ணுவார் போலிருக்கே. காலுறையோட முடிச்சது ஒரு மாதிரி அழகாத்தான் இருக்கு" என்றார். அழகான என்ற சொல்லை எங்கள் தாள்களிலிருந்து களை பிடுங்குவது போலப் பிடுங்கியவர் அவர்! அப்போதுதான் எனக்கு ஒன்று புரிந்தது. இவரும் வெட்டுகிறார், அப்பாவும் வெட்டுகிறார் என்று நான் இத்தனை நாள் ஒன்றாகவே நினைத்திருந்தேன். என் கதவுக் கட்டுரையை அவர் வெட்டியபோது கதவு இன்னும் நன்றாகத் தெரிந்தது. அப்பா வெட்டியதில் ஓர் ஆள் காணாமல் போகிறாள். இரண்டும் ஒன்றில்லை. இதை யாரும் எனக்குப் பாடமாக நடத்தவில்லை, அந்தச் சுவரைப் பார்த்து நின்று நானே கற்றுக்கொண்டேன்.

இது தப்பு மேடம், இதை இப்படி மாட்ட விட மாட்டேன் என்றேன். "கண்ணாடியெல்லாம் போட்டாச்சேம்மா, இனிமே என்ன பண்ண முடியும்?" என்றார். என்ன பண்ண முடியும் என்று என்னிடம் போய்க் கேட்கிறார்!

எல்லோரும் போன பிறகு சட்டத்தை இறக்கி, வாசிப்பு மேசையில் கவிழ்த்து வைத்தேன். நூலகர் எட்டிப் பார்த்து, "இது லைப்ரரியா, தச்சுப் பட்டறையா?" என்றார். என் படத்தை நானே திறக்கிறேன் சார் என்றேன். இரும்பு அளவுகோல் கேட்டேன். முறைத்தார், ஆனால் கொடுத்தார். பின்பக்கத்து ஒட்டுத்தாளைக் கிழித்து, சின்ன ஆணிகளை அளவுகோலின் முனையால் நிமிர்த்தி, பலகையைத் தூக்கினேன். அட்டையையே எடுத்துப் போட்டிருப்பேன். ஆனால் அட்டை இல்லாமல் கண்ணாடி தாளில் பட்டால் ஈரம் பிடித்து ஒட்டிக்கொள்ளும். அப்பாவிடம் கற்றதை அப்பா மேலுள்ள கோபத்தில் மறந்துவிட முடியுமா? அதனால் பென்சில் சீவுகிற பிளேடால் அட்டையின் கீழ் ஓரத்தை இறக்கி வெட்டினேன். மூன்று வரிகளும் வெளியே வந்தன.

வெட்டு கோணலாகிவிட்டது அக்கா. ஒரு முனையில் சரி, மறு முனைக்குப் போவதற்குள் பாம்பு நெளிந்தது போல் ஆகிவிட்டது. சரிவான வெள்ளை ஓரம் கிடையாது, நார் நாராகப் பிய்ந்திருக்கிறது. கூடத்துக்குள் நுழைகிற யாரும் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள். அப்பா நிச்சயம் அதைத்தான் பார்ப்பார். நாளை காலை அம்மாவோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார். அடுத்த வருஷம் எனக்குக் கல்லூரி இருக்கிறதா இல்லையா என்பது அந்த ஓரத்தைப் பார்த்த பிறகு தெரியும். வக்கீல் எனக்காக வாதாட வருகிறாளாம். வேண்டாம், நானே பேசிக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். என்ன கேட்டாலும் அந்த வரிகளை எடுக்க மாட்டேன். வீட்டில் உட்கார வைத்தால் வீட்டில் உட்கார்ந்து இதையே எழுதுவேன்.

இன்னொன்றையும் எழுதிவிட வேண்டும், நடந்ததை நடந்தபடி என்று சொல்லிவிட்டேனே. சட்டத்தைத் திறந்தபோது என் தாளின் மேல் ஓரத்தில் மட்டும்தான் டேப் இருந்தது. கீழே எதையும் ஒட்டவில்லை, வெட்டவும் இல்லை, மடிக்கவும் இல்லை. மூடிய வரிகளில் ஒரு கீறல் கிடையாது. நம் குடும்பப் படத்துக்கு அட்டை மாற்றிய அன்று நான் கடை வாசலில் நின்று பார்த்தேன். அதையும் மேல் ஓரத்தில் மட்டும்தான் ஒட்டினார். கத்தரிக்கோல் அவர் கைக்குப் பக்கத்திலேயே இருந்தது. எடுக்கவில்லை. நீ அந்த அட்டைக்குப் பின்னால் முழுசாக, நீலச் சட்டையோடு, பல் தெரியச் சிரித்தபடி நிற்கிறாய்.

இதற்கு என்ன அர்த்தம் என்று நான் எழுத மாட்டேன். எந்தப் படத்தையும் அவர் அப்படித்தான் ஒட்டுவார், எப்போதாவது எடுக்க வேண்டியிருக்கும் என்று. அது தொழில் பழக்கமாகவே இருக்கலாம். பாவம் அப்பா என்று உருகி நீ ஒரு மன்னிப்புக் கடிதம் அனுப்பிவிடாதே. நீ மன்னிப்புக் கேட்கும்படி எதுவும் செய்யவில்லை. பார்த்ததைச் சொன்னேன், அவ்வளவுதான்.

உன்னைப் பற்றி எழுதும் முன் உன்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும் என்று உனக்குக் கோபம் வரலாம். வரட்டும். கோபத்தைக் கடிதத்தில் எழுதி அனுப்பாதே, நேரில் வந்து கோபித்துக்கொள். இந்த மாதம் முழுக்கப் படங்கள் சுவரில்தான் இருக்கும். கல்லூரி வாசலில் யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை. நேரே நூலகக் கூடத்துக்குள் வந்து ஜன்னல் பக்கம் திரும்பு. கோணலாக வெட்டியிருப்பது என்னுடையது. அதன் முன்னால் கொஞ்ச நேரம் நில். பக்கத்தில் நிற்கிறவர்கள் அந்த விரல் யாருடையது என்று கேட்டால், கையைத் தூக்கிக் காட்டு.

தனியாக வராதே. அத்தானையும் அழைத்து வா. ஆமாம், அத்தான்தான். முடிவு செய்துவிட்டேன். அத்தானுக்கு என் வணக்கத்தைச் சொல். அவர் முகம்கூட எனக்குச் சரியாக நினைவில்லை, ஆனாலும் இந்த உறவை மூடுகிற அட்டை எந்தக் கடையிலும் கிடைக்காது என்று நான் சொன்னதாகச் சொல். (மேடம் பார்த்தால் இந்த வரியை அடித்துவிடுவார். இது உனக்கு எழுதியது, இருக்கட்டும்.)

உடம்பைப் பார்த்துக்கொள். குளிரில் காதை மூடிக்கொள்ளாமல் வெளியே போகாதே. என் காதைக் காப்பாற்றத்தான் உன் விரல்கள் தப்பின என்றால், உன் காதுக்கு நான் கவலைப்படுவது நியாயம்தானே?

என்றும் உன் விரல் பிடியில் நிற்கும்,
உன் புத்தகப் புழு

பின்குறிப்பு: சட்டத்தை மூடி, ஆணிகளை மடக்கி, பழைய இடத்திலேயே மாட்டிவிட்டேன். சுவரில் நேராகத்தான் நிற்கிறது. நூலகர் சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டு, "போதும்மா, நாளைக்கு வந்து எழுது" என்கிறார். ஒரே ஒரு வரி சார் என்றேன். கேட்கவில்லை. விளக்கை அணைத்துவிட்டார்.